லிஃப்ட் சாற்றுக்கு மட்டும்

இதயத்தின் நலனுக்காகக் கட்டிய அந்தக் கட்டடத்தில் தொண்ணூற்றாறு படிகள் இருந்தன. எண்ணிப் பார்த்தவர் நிறக்காரர். எதையாவது எண்ணிக்கொண்டே ஏறினால் நெஞ்சில் இருக்கும் இறுக்கம் தெரியாது என்று நினைத்தார். அது தெரியத்தான் செய்தது. கூடவே படிக்கணக்கும் தெரிந்துபோயிற்று.

நிறக்காரர் என்பது தெருக்காரர்கள் வைத்த பெயர். பெயிண்ட் கடையில் முப்பது வருஷமாக நிறம் கலக்கிறவர். பழைய சுவரிலிருந்து பெயர்ந்த காரைத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினால் போதும், அதே நிறத்தைக் கலந்து டப்பாவில் ஊற்றிக் கொடுத்துவிடுவார். இப்போது கடையில் கம்ப்யூட்டர் வைத்த கலவை எந்திரம் வந்துவிட்டது. ஆனாலும் எந்திரம் கலந்ததை மூடுவதற்கு முன்னால் முதலாளி அவரைக் கூப்பிட்டு ஒரு தடவை காட்டாமல் இருக்கமாட்டார். வயது ஐம்பத்தாறு. சில மாதங்களாக, இருபது லிட்டர் டப்பாவைத் தூக்கும்போதெல்லாம், யாரோ நெஞ்சின் நடுவில் முழங்காலை ஊன்றுவது போல் ஓர் அழுத்தம். கொஞ்ச நேரம் நின்றால் போய்விடும். அது போய்விடுகிறதே என்று அவரும் அதை விட்டுவிட்டார்.

மனைவி விடவில்லை. பொது மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே இருந்தவர்கள் நல்லவர்கள்தான். இதய மருத்துவரைப் பார்க்க எட்டு மாதம் கழித்து ஒரு தேதி கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அதைக் காலண்டரில் குறிக்கப் போனால், அந்தத் தேதி அந்த வருஷத்துக் காலண்டரிலேயே இல்லை.

அந்த வாரம்தான் பேப்பரில் விளம்பரம் வந்தது. பெர்ரிப் பழங்களில் இருக்கும் ஊதா நிறமி இதயத்துக்கும் ரத்தக்குழாய்க்கும் என்ன செய்கிறது என்று ஆராய்கிற நிலையம் ஒன்று ஆள் தேடியது. தினம் ஒரு பாட்டில் சாறு குடிக்க வேண்டும். வாரம் ஒரு நாள் நேரில் வந்து அளவு கொடுக்க வேண்டும். பன்னிரண்டு வாரம் முழுதாக முடிப்பவர்களுக்கு ஊரின் பெரிய இதய மருத்துவர் முழுப் பரிசோதனை செய்வார். ஒரே நிபந்தனை, ஆரோக்கியமானவராக இருக்க வேண்டும்.

"எட்டு மாசத்துக்குப் பன்னெண்டு வாரம் எவ்வளவோ தேவலை" என்றாள் மனைவி.

படிவத்தின் பதினேழாவது கேள்வியில் நிறக்காரர் பேனாவை நிறுத்தினார். மாடி ஏறும்போது நெஞ்சில் வலியோ இறுக்கமோ உண்டா?

"இல்லன்னு எழுதுங்க."

"இருக்கே."

"இருக்குன்னு எழுதினா உங்களைச் சேர்த்துக்கவே மாட்டாங்க. அப்புறம் அந்த டாக்டரை எப்படிப் பார்க்கறது? நல்லா இருக்கறவங்களைத்தான் அவர் பார்ப்பாராம். எழுதுங்க."

அவள் சொன்னதில் ஏதோ நியாயம் இருப்பது போலத்தான் இருந்தது. நிறக்காரர் 'இல்லை' என்று எழுதினார். கடையில் டப்பா மேல் நிறத்தின் பெயரை எழுதும் அதே அழகான கையெழுத்தில் எழுதினார்.

முதல் நாள் போனபோது கீழ்த்தளத்தில் புத்தம்புது லிஃப்ட் ஒன்று பளபளவென்று நின்றது. நிறக்காரர் அப்பாடா என்று அதை நோக்கி நடந்தார். காவலாளி குறுக்கே வந்து கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் காட்டினார். 'சாற்றுக்கு மட்டும்.'

"நிறமி ரொம்ப மென்மையானதுங்க" என்றார் காவலாளி. "வெளிச்சம் ஆகாது, சூடு ஆகாது, குலுக்கக் கூடாது. மனுஷங்களுக்கு அந்தப் பக்கம் படி இருக்கு. நாலாவது மாடி."

நாலாவது மாடியில் சாறு குளிரூட்டிய அறையில் இருந்தது. ஜன்னலுக்கு இரட்டைத் திரை. மணிக்கு ஒரு தடவை ஒருவர் மெதுவாகக் கதவைத் திறந்து உள்ளே போய், அறையின் வெப்பத்தைப் பார்த்து, 'சாறு நலம்' என்று நோட்டில் எழுதிவிட்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வருவார். குடிக்க வந்தவர்கள் வராந்தாவில் கண்ணாடிச் சுவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மேற்கு வெயில் நேராக முகத்தில் அடித்தது. அவர்கள் நலமா என்று எழுத நோட்டு எதுவும் இல்லை.

இயக்குநர் வரவேற்புரை ஆற்றினார். நல்ல உயரம், நல்ல குரல். பேசும்போது கையை நெஞ்சின் மேல் வைத்துக்கொள்வார்.

"இது மறைப்பு ஆய்வு. உங்கள்ல பாதிப் பேருக்கு நிஜமான பெர்ரிச் சாறு. மீதிப் பேருக்கு அதே நிறத்துல சாயத் தண்ணி. யாருக்கு எதுன்னு உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. தெரியாம இருக்கறதுதான் இந்த நிலையத்தோட பலம். இருபத்திரண்டு வருஷமா இங்க இயக்குநரா இருக்கேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட எனக்கு எதுவும் தெரிஞ்சதில்லை."

எல்லாரும் கை தட்டினார்கள். நிறக்காரரும் தட்டினார்.

"ஆனா நீங்க நிஜமாவே குடிக்கறீங்களா, செடிக்கு ஊத்தறீங்களான்னு எங்களுக்குத் தெரியணுமே? அதுக்குத்தான் நாக்குப் பரிசோதனை. குடிச்சா நாக்கு நிறம் மாறும். அதுலயும் ஒரு ஆபத்து இருக்கு. பரிசோதிக்கிற அதிகாரி நாக்கோட நிறத்தைப் பார்த்து, இது சாறு, இது சாயம்னு கண்டுபிடிச்சிட்டா? மறைப்பு போச்சு. அதனால பிறவியிலேயே நிறம் தெரியாத ஒருத்தரைத் தேடிப் பிடிச்சோம். நேர்காணலுக்கு முப்பத்தோரு பேர் வந்தாங்க. துரதிர்ஷ்டவசமா முப்பது பேருக்கு நிறம் தெரிஞ்சுடுச்சு."

அந்த முப்பத்தோராவது ஆள் ஓர் ஓரத்தில் எழுந்து நின்று கும்பிட்டார். மெலிந்த மனிதர், தூக்கமில்லாத கண்கள். அவர்தான் நாக்கு அதிகாரி. அவருக்கு எல்லா நாக்கும் சாம்பல். ஒவ்வொருவராக வரச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்து, 'நிறம் காணப்பட்டது' என்று எழுதுவார். தொண்ணூற்றாறு படி ஏறி வந்தவர்களுக்கு நாக்கு ஏற்கெனவே வெளியில்தான் தள்ளிக்கொண்டிருந்தது, தனியாக நீட்டச் சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு வரவில்லை.

"என்ன நிறமா இருக்குன்னு மட்டும் சொல்லிடாதீங்க சார்" என்று நிறக்காரரிடம் மெல்லக் கேட்டுக்கொண்டார். "எனக்கு வேலை போயிடும்."

அடுத்த அறையில் ஸ்கேன் எடுக்கும் பெண் இருந்தாள். முப்பது வயது இருக்கும். முழங்கைக்குக் கீழே ஒரு பட்டையைச் சுற்றி, காற்றடித்து இறுக்கி, ஐந்து நிமிஷம் அப்படியே வைத்திருந்து, பிறகு சட்டென்று தளர்த்துவாள். ரத்தம் பாய்கிற வேகத்தில் கைக்குழாய் எவ்வளவு விரிகிறது என்று திரையில் அளப்பாள்.

"நல்ல குழாய்னா விரிஞ்சு குடுக்கும் ஐயா. வயசாக ஆக விறைச்சுப் போயிடும். பெர்ரியில இருக்கற ஊதா நிறமி அதைக் கொஞ்சம் இளக வைக்குதுன்னு சில ஆய்வுல சொல்றாங்க."

"கொஞ்சம்னா?"

"கொஞ்சம்தான். அதுக்கே இவ்வளவு பெரிய கட்டடம்."

"குழாய் அடைச்சுக்கிட்டு இருந்தா?"

அவள் திரையிலிருந்து திரும்பி அவரைப் பார்த்தாள். "அடைச்சுக்கிட்டதைச் சாறு திறக்காது. அதுக்கு டாக்டர்தான். ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்" என்றார் நிறக்காரர். அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்ததை அவள் கவனித்தாள். படி ஏறிய களைப்பு என்று குறித்துக்கொண்டாள்.

மூன்றாவது வாரம் நிறக்காரர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். அவர்மேல் தப்பில்லை. முதல் பாட்டிலைத் தூக்கிப் பிடித்த அன்றைக்கே அவருடைய கண் சொல்லிவிட்டது, இது பழத்தின் ஊதா இல்லை, டப்பாவின் ஊதா என்று. சந்தேகத்துக்கு இடமில்லாமல் வீட்டிலும் தெரிந்துபோயிற்று. கைக்குட்டையில் கொட்டிய கறையை மனைவி சோப்புப் போட்டுத் துவைத்தாள். பழச்சாயமாக இருந்தால் சோப்புப் பட்டதும் நீலத்துக்கு ஓடும், எலுமிச்சை பட்டால் சிவப்புக்குத் திரும்பும். இது எதற்கும் அசையாமல் அப்படியே நின்றது. அடுத்த தடவை போனபோது, நாக்கு அதிகாரி டார்ச் அடித்துக்கொண்டிருக்கையில், "எனக்கு வெறும் சாயம்தாங்க வருது" என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார்.

நாக்கு அதிகாரிக்கு முகம் வெளுத்தது. அரை மணி நேரத்தில் குழு கூடிவிட்டது. நீள மேஜை, ஐந்து பேர், ஆளுக்கொரு தண்ணீர் டம்ளர். நிறக்காரருக்கு நாற்காலி போடவில்லை. ஆரோக்கியமானவர் அல்லவா.

"இருபத்திரண்டு வருஷத்துல இங்க ஒருத்தருக்கு ஒரு விஷயம் தெரிஞ்சது இதுதான் முதல் தடவை" என்று இயக்குநர் வேதனையோடு ஆரம்பித்தார். "இவரை வெளியே அனுப்பினா ஆள் ஒண்ணு குறையும். உள்ளே வெச்சிருந்தா, தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருப்பார்."

ஒன்றரை மணி நேரம் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். நிறக்காரர் தமக்குத் தெரியாது என்று வாராவாரம் கையெழுத்துப் போட வேண்டியது. உறுதிமொழியைத் தட்டச்சு செய்து நீட்டினார்கள். 'என் பாட்டிலில் இருப்பது சாயத் தண்ணீர் என்பது எனக்குத் தெரியாது.'

நிறக்காரர் படித்துப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "இதுலயே எழுதியிருக்கே சார், சாயத் தண்ணின்னு."

ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்போது குழுவுக்கும் தெரிந்துவிட்டது. காகிதத்தை அவசரமாகப் பிடுங்கிக் கிழித்தார்கள். ஐந்து பேரும் அதே உறுதிமொழியில் கையெழுத்திடுவது என்றும், அதில் தண்ணீர், சாறு, சாயம் என்ற எந்தச் சொல்லும் வரக் கூடாது என்றும் இரண்டாவது தீர்மானம் போட்டார்கள்.

"அப்ப நான் பன்னெண்டு வாரமும் அதையே குடிக்கணுமா?" என்று நிறக்காரர் கேட்டார்.

"எதைன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் இயக்குநர், மிகுந்த கனிவோடு.

நிறக்காரர் சண்டை போட்டிருக்கலாம். உடம்பில் தெம்பில்லை. அவருக்குச் சாறும் வேண்டாம், சாயமும் வேண்டாம், பன்னிரண்டாவது வாரம் அந்த டாக்டர் முன்னால் போய் உட்கார வேண்டும், அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு வாரமும் போட்டார்.

ஏழாவது வாரத்தில் இரண்டாம் மாடி திருப்பத்தில் உட்கார்ந்து எழ வேண்டியதாயிற்று. எட்டாவது வாரம் முதல் மாடியிலேயே உட்கார்ந்துவிட்டார். இடது தோள் வரை வலி ஓடியது. ஸ்கேன் பெண் அவர் உள்ளே வந்த கோலத்தைப் பார்த்து, பட்டையைச் சுற்றாமல் முதலில் தண்ணீர் கொடுத்தாள். அன்றைக்கே மேலிடத்துக்கு ஒரு குறிப்பு எழுதினாள். வயதானவர்களை லிஃப்டில் ஏற்றலாமே என்று இரண்டே வரி. மூன்றாம் நாள் பதில் வந்தது. 'முதல் அளவு எடுத்த அன்று பங்கேற்பாளர்கள் படி ஏறி வந்தார்கள். ஆகவே கடைசி அளவு எடுக்கும் அன்றும் படி ஏறித்தான் வர வேண்டும். நடுவில் மாற்றினால் ஒப்பிட முடியாது.'

அவள் அந்தக் காகிதத்தை நிறக்காரர் வீட்டுக்கே கொண்டுபோய்க் காட்டினாள். "ஐயா, இவங்களை நம்பாதீங்க. அவசரப் பிரிவுக்குப் போங்க."

அங்கேயும் போய்ப் பார்த்தார்கள். போய்ச் சேர்ந்தபோது வலி நின்றுபோயிருந்தது. "வலி இருக்கறப்ப வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஒன்பதாவது வாரம் மனைவியும் கூட வந்தாள். அவரைத் தாங்கிப் பிடித்தபடி தொண்ணூற்றாறு படியும் ஏறி, நேராக இயக்குநர் அறைக்குள் போனாள். உட்காரச் சொல்வதற்கு முன்பே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"சார், தப்பு என்னுது. இவருக்கு நெஞ்சு வலி இருக்கு. சேரும்போதே இருந்துச்சு. நான்தான் இல்லன்னு எழுதச் சொன்னேன். என்னை என்ன வேணா திட்டுங்க. அந்த டாக்டரை மூணு வாரம் முன்னாடியே பார்க்க விடுங்க."

இயக்குநர் நிறக்காரர் எழுதிக் கொடுத்த படிவத்தை வரவழைத்துப் பிரித்தார். விரலை வைத்துத் தேடினார். முகம் மலர்ந்தது.

"இங்க பாருங்கம்மா, வலி இல்லைன்னு இருக்கு. எவ்வளவு தெளிவான கையெழுத்து!"

"அது பொய் சார்."

"அப்படிச் சொல்லக் கூடாது. ஆய்வுல பொய் கிடையாது, பதில் மட்டும்தான். இப்ப திடீர்னு வலின்னா, எங்க பானத்தாலதான் வந்துச்சுன்னு நாளைக்கு ஒருத்தன் எழுதுவான்." கையை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார். "இன்னொண்ணும் யோசிங்க. டாக்டரை இப்பவே பார்த்து இவருக்கு உடம்பு சரியாயிடுச்சுன்னு வெச்சுக்குங்க. அது பானத்தால சரியாச்சா, டாக்டரால சரியாச்சா? எங்களுக்குத் தெரியாமப் போயிடுமே. நடுவுல வைத்தியம் பார்த்தா முடிவு கெட்டுப் போகும்மா. வேணும்னா இவர் தாராளமா விலகிக்கலாம். விலகினா டாக்டர் கிடையாது, அது விதி."

பொது மருத்துவமனைத் தேதிக்கு இன்னும் ஐந்தரை மாதம் இருந்தது. இங்கே மூன்று வாரம். வெளியே வந்து வராந்தாவில், வெயிலில், கணவனும் மனைவியும் உட்கார்ந்தார்கள். மூன்று வாரம் பல்லைக் கடித்துக்கொள்ளலாம் என்று நிறக்காரர்தான் சொன்னார். அவளுக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் தலையை ஆட்டினாள்.

பத்தாவது வாரம் நிலையத்துக்கு விருந்தினர்கள் வந்திருந்தார்கள். அவர்களுக்காக மாடிப்படி ஓரத்திலெல்லாம் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். நிறக்காரர் தனியாக வந்தார். அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது என்று எண்ணிக்கொண்டே ஏறியவர், எழுபத்திரண்டில் மூன்றாம் மாடி திருப்பத்தில் சுவரைப் பிடித்தார். கை வழுக்கியது. அப்படியே சரிந்து உட்கார்ந்து, பிறகு படுத்துவிட்டார். தலைக்கு மேலே ஒலிபெருக்கியில் இயக்குநர் பேசிக்கொண்டிருந்தார்.

"எங்க கண்ணுல படாம, எங்க கவனத்துக்கு வராம, இந்த ஊர்ல ஒரு இதயம்கூடத் துடிக்கக் கூடாது! அதுதான் எங்க லட்சியம்!"

கைதட்டல் கேட்டது. ஏதோ வேலையாகக் கீழே இறங்கி வந்துகொண்டிருந்த ஸ்கேன் பெண்தான் அவரைப் பார்த்தாள். ஒரு கணம் நாடியைப் பிடித்தாள், அடுத்த கணம் லிஃப்ட் பொத்தானை உள்ளங்கையால் அடித்தாள். கதவு திறந்தது. உள்ளே பெட்டி பெட்டியாகச் சாறு. ஒவ்வொன்றாக இழுத்து வெளியே கண்ணாடிச் சுவர் ஓரம் வெயிலில் தள்ளினாள். நிறக்காரரைத் தோளோடு அணைத்து இழுத்து உள்ளே சேர்த்தாள்.

கீழே கதவு திறந்ததும் காவலாளி பேயறைந்தவர் போல் நின்றார். "ஐயோ, சாறு எங்கம்மா?"

"வெயில்ல இருக்கு. ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க."

"லிஃப்ட்ல மனுஷனை ஏத்தினதுக்கு யார் கையெழுத்துப் போடறது?"

"நான் போடறேன். முதல்ல போனை எடுங்க!"

இந்தத் தடவை பொது மருத்துவமனையில் அவரைத் திருப்பி அனுப்பவில்லை, வலி இருந்ததல்லவா. அடைத்திருந்த குழாயைத் திறந்து, உள்ளே சின்ன வலை வைத்து, பிழைக்க வைத்துவிட்டார்கள். மறுநாள் டாக்டர் வந்து மனைவியிடம் உள்ளதைச் சொன்னார். உயிருக்குப் பயமில்லை. ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி செத்துப்போய்விட்டது, அது திரும்பாது. இனிமேல் பாரம் தூக்கக் கூடாது, கடை வேலை முடியாது. இரண்டு மாதம் முன்னால் யாராவது பார்த்திருந்தால் இவ்வளவு சேதம் ஆகியிருக்காது.

டாக்டர் போன பிறகு அவள் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நான்தானேங்க இல்லன்னு எழுதச் சொன்னேன்."

"நீ ஒரு தடவைதான் சொன்னே" என்றார் நிறக்காரர். குரல் மெலிந்திருந்தது. "அவங்க வாராவாரம் சொன்னாங்க. அழாதே."

நாலாம் நாள் நாக்கு அதிகாரி ஒரு கோப்போடு வந்தார். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தார், அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டார். ஸ்கேன் பெண்ணை மாற்றிவிட்டார்களாம், சாறு அறையில் இப்போது அவள்தான் மணிக்கொரு தடவை வெப்பம் பார்த்து எழுதுகிறாளாம். பிறகு தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார்.

"பாதியில விலகிட்டீங்க இல்லையா சார், காரணம் எழுதணும். மூணு கட்டம் இருக்கு. சொந்த விருப்பம், ஊர் மாற்றம், சுவை பிடிக்கவில்லை."

"மாரடைப்புன்னு எழுதிக்குங்க."

"அதுக்குக் கட்டம் இல்லீங்களே."

"ஓரத்துல எழுதக் கூடாதா?" என்று மனைவி கேட்டாள். அவள் குரலில் இருந்த சூட்டுக்கு நாக்கு அதிகாரி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"ஓரத்துல எழுதினா படிவம் செல்லாதும்மா. இவர் ஆய்வுல சேரவே இல்லைன்னு ஆக்கிடுவாங்க. எழுதாமப் போனா என்னைத் திரும்பத் திரும்ப இங்க அனுப்புவாங்க." அவர் நிறக்காரரைக் கெஞ்சுவது போல் பார்த்தார். "எனக்கும் பிடிக்கலை சார். வேற வேலை யார் குடுப்பா எனக்கு?"

நிறக்காரர் பேனாவை வாங்கினார். சொந்த விருப்பம் என்று எழுத மனசு வரவில்லை. ஊர் மாற்றம் இன்னும் நடக்கவில்லை, நடக்கப் பார்த்து நின்றுபோயிருந்தது. மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டார். அந்த ஒன்றுதான் உண்மையாக இருந்தது, அந்தத் தண்ணீரின் சுவை அவருக்குக் கடைசிவரை பிடிக்கவே இல்லை.

மூன்று மாதம் கழித்து நிலையத்தின் அறிக்கை தபாலில் வந்தது. வழவழப்பான தாள், அட்டையில் ஊதா நிற இதயம். நிறக்காரர் அப்போது வாசல் வரை நடந்துவிட்டு வந்து நாற்காலியில் சாய்ந்திருந்தார். மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தாள்.

"ஆய்வை முழுமையாக நிறைவு செய்த நூற்றுப் பத்தொன்பது பேரில் ஒருவருக்குக்கூட இதயக் கோளாறு ஏற்படவில்லை. இது நிலையத்தின் மாபெரும் வெற்றி. பாதியில் விலகியவர் ஒரே ஒருவர். பானத்தின் சுவை பிடிக்கவில்லை என்று அவர் குறை தெரிவித்திருந்தார். அதைத் தீவிரமாகக் கருத்தில் கொண்டு, அடுத்த ஆய்வில் பானத்தின் சர்க்கரை அளவு இரண்டு மடங்காக உயர்த்தப்படும்."

அவள் தாளை இறக்கிவிட்டு அவரைப் பார்த்தாள். நிறக்காரர் சிரித்துக்கொண்டிருந்தார். அதிகம் சிரிக்க முடியவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மூச்சு சமனாகும் வரை காத்திருந்துதான் பேசினார்.

"ஒரே ஒரு குறைதான் எழுத விட்டாங்க. அதையாவது கேட்டாங்களே."